கேமிங் லேப்டாப் வாங்கும்போது டெல்டாக்காரர்கள் செய்யும் தவறுகள்

மாசி பிறந்தால் என் கடைக்கு ஒரு கூட்டம் வரும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் பேங்க்கில் ஏறியிருக்கும். காலேஜ் படிக்கிற பையன் அதற்குள் பத்து வீடியோ பார்த்து, ஒரு கேமிங் லேப்டாப்பை முடிவு செய்து, வாங்கியும் விட்டிருப்பான். அதற்கப்புறம்தான் "கேம் திணறுது அண்ணே" என்று என்னிடம் வருவான். மன்னார்குடியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவனுக்கு இது பிழைப்புதான். இருந்தாலும் வாங்கும் முன் ஒரு போன் அடித்திருக்கலாமே என்று தோன்றும்.

இந்த வருடம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து அப்பாவும் மகனுமாக வந்தார்கள். பையன் வாயைத் திறக்கும் முன் அப்பா ஆரம்பித்துவிட்டார். "எழுபதாயிரம் போட்டிருக்கேன் தம்பி. இவன் கூட்டாளி வச்சிருக்கறதும் இதே கிராபிக்ஸ் கார்டுதானாம். அதுல வழுக்கிக்கிட்டு ஓடுது, இதுல விக்குதுங்கறான்."

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைக் காட்டினேன். ரேம் போட இரண்டு ஸ்லாட், அதில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது, ஒற்றை 8 ஜிபி. ரேம் இரண்டு துண்டாக இருந்தால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவை இழுக்கும். ஒற்றைத் துண்டில் அந்த வேகம் பாதி. ஃபிரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, குறைவதைவிட, நடுநடுவே வரும் வெட்டு வெட்டான திணறல்தான் எரிச்சல். சொல்லி முடிப்பதற்குள் அப்பா, "அப்ப ஒத்த மாட்ட வச்சு ஏர் ஓட்டியிருக்கோம்" என்றார். நான் அரைமணி நேரம் விளக்கினாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

"ரேம் அப்புறம் போட்டுக்கலாம்" என்று கடையில் சொல்வார்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்த 'அப்புறம்' பல ஆயிரம் பிடிக்கும். சில மாடலில் ரேமை போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள், மாற்றவே முடியாது. அதனால் 16 ஜிபி இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், எத்தனை துண்டு, எத்தனை ஸ்லாட் என்றும் கேளுங்கள்.

ரேமைப் போட்டோம், திணறல் நின்றது. ஆனாலும் கூட்டாளி லேப்டாப்பை எட்டவில்லை. அங்கேதான் பெரிய தவறு இருந்தது. இரண்டிலும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற கிராபிக்ஸ் கார்டின் ஸ்டிக்கர்தான். ஆனால் அந்தச் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனியே தீர்மானிக்கலாம். மெலிசான, அழகான பாடிக்குள் அடைக்கப்பட்ட 50 வாட் கார்டும், தடித்த பாடியில் உள்ள 100 வாட் கார்டும் பெயரில்தான் ஒன்று. பெட்டியின் மேல் இந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கம்பெனி இணையதளத்தின் விவரப் பட்டியலில் டிஜிபி, அதாவது கார்டுக்குக் கொடுக்கும் மொத்த வாட், என்று போட்டிருப்பார்கள். கடையில் டெமோ பீஸ் இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப், அதற்குள் சிஸ்டம் இன்பர்மேஷன் போய், மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கார்டின் சொந்த மெமரியையும் விட்டுவிடக் கூடாது. 2050-இல் 4 ஜிபி, 4050-இல் 6 ஜிபி, 5050-இல் 8 ஜிபி. 3050 மட்டும் 4, 6 என்று இரண்டு விதமாக வருகிறது, கேட்டு வாங்க வேண்டும். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் ஆடுவேன் என்பவனுக்கு 2050 போதும், கூடுதல் காசைக் கொட்ட வேண்டாம். புதுசாக வரும் பெரிய கேம்கள் வேண்டுமென்றால் 4 ஜிபி கார்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பிராசஸர் பெயரில் உள்ள பெரிய எண்ணுக்கு மயங்கவும் வேண்டாம். இன்டெல் ஐ5 12450எச்-சும் 13420எச்-சும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு, இரண்டிலும் 8 கோர், 12 த்ரெட். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 7535எச்எஸ் என்றால் அந்த 3 பழைய ஜென் 3 குடும்பம், 7640எச்எஸ்-இன் 4 தான் ஜென் 4. இன்னொன்று, 7435எச்எஸ் மலிவு விலை மாடல்களில் நிறைய வருகிறது. கேமுக்கு நல்ல பிராசஸர்தான், ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. சும்மா நோட்ஸ் படித்தாலும் பெரிய கார்டே ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். கிளாஸுக்கு எடுத்துப் போகிறவன் சார்ஜரையும் சுமக்க வேண்டும்.

இனி சொல்வது நம் ஊருக்கென்றே உள்ளது. வீடியோ போடுகிறவர் ஏசி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார், கடைக்காரரும் ஏசியில்தான் காட்டுகிறார். நம் பையன் ஆடப்போவது சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டு அறையில். சுற்றியிருக்கும் காற்று 12 டிகிரி கூடினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அந்த அளவுக்கு ஏறும். 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசியில் 85 டிகிரி காட்டும் லேப்டாப்புக்கு இங்கே தாக்குப்பிடிக்க இடம் இருக்கிறது, ஏசியிலேயே 95 காட்டுவதற்கு இல்லை. கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. சூட்டை வெளியே தள்ளும் உலோகத் தகடான ஹீட் சிங்க் முழுக்கச் சூடேற நேரம் பிடிக்கும், அரைமணி நேரமாவது ஓடட்டும்.

அறுவடை முடிந்து இரண்டு மாதம் கழித்து வரும் லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். நெல் சுணை, வைக்கோல் துணுக்கு, கொசுவத்திப் புகையின் பிசுக்கு எல்லாம் சேர்ந்தது. சாமணத்தால் இழுத்தால் ஒரே துண்டாக வரும். அதனால் பின்மூடி சாதாரண ஸ்க்ரூவில் கழலுமா என்று பார்த்து வாங்குங்கள். காற்றை அடியிலிருந்து இழுக்கும் லேப்டாப்பைப் பாயிலும் மெத்தையிலும் வைத்து ஆடக் கூடாது.

கரண்ட் விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 170-க்கு இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள். அடாப்டரின் வயிற்றில் எழுதியிருப்பதைப் படியுங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை அது சமாளிக்கும். அடாப்டரைக் கொல்வது, போன கரண்ட் திரும்பி வரும்போது பாயும் உயர் வோல்டேஜும் ஐப்பசி கார்த்திகை மின்னலும்தான். அதற்கு நல்ல சர்ஜ் புரொடெக்டர் வேண்டும், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சில மாடல்களோடு வரும் ஒயர், ஏசி மாட்டும் பெரிய பவர் பிளக்காக இருக்கும். படிக்கிற அறையில் அந்தப் பாயிண்ட் இல்லையென்று கன்வெர்ட்டர் போட்டு எர்த்தை விட்டுவிட்டால், லேப்டாப்பின் உலோக ஓரத்தைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும். "லேப்டாப் ஷாக் அடிக்குது" என்று வருபவர்களில் பாதிப்பேர் வீட்டில் குறை லேப்டாப்பில் இல்லை, எர்த்தில்.

பேட்டரியில் கேம் ஆடலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கார்டு தன் வாட்டை அடக்கிக்கொள்ளும். மாதப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு கரண்ட் போனால், அன்று பகலில் ஆட்டம் இல்லை.

திரையை ஹெர்ட்ஸ் பார்த்து மட்டும் வாங்குகிறார்கள். 144 ஹெர்ட்ஸ் என்பது அசைவின் வேகம், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகளில் போட்டிருப்பார்கள். மலிவு மாடல்களில் வரும் 45 சதவீத என்டிஎஸ்சி திரையில் நிறம் வெளுத்திருக்கும். கடையில் ஓடும் டெமோ வீடியோவில் இது தெரியாது. நான் போனில் ஒரு நாற்றங்கால் படம் வைத்திருக்கிறேன். இரண்டு லேப்டாப்பில் அதைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால், எஸ்ஆர்ஜிபி 100 சதவீதத் திரையில் நாற்று நாற்றாகவே தெரியும், மற்றதில் உரம் போடாத வயல் மாதிரி மஞ்சளடித்துக் கிடக்கும்.

கேமும் ஃபைலும் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி என்றால் விண்டோஸ் காட்டுவது 476 தான். ஒரு கேமே நூறு ஜிபியைத் தாண்டும் காலம் இது, இன்னொரு எஸ்எஸ்டி போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து மூடும்போது அதன் கீல் (ஹிஞ்ச்) மொறுமொறுவென்று சத்தம் கொடுத்தால் அந்தப் பீஸ் வேண்டாம்.

கடைசியாக வாரண்டி. வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று போட்டிருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்று கம்பெனி நம்பரில் கேளுங்கள். இல்லையென்றால் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும். பில் போடும் முன் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் தட்டிப் பாருங்கள். நீடாமங்கலத்துக்காரர் லேப்டாப்பைத் தட்டினேன், அவர் வாங்கிய தேதிக்கு நாலு மாதம் முன்பே வாரண்டி தொடங்கியிருந்தது. பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போயிருக்கிறார்கள், தேதியை மாற்றித் தரச்சொல்லி.