ஆட்டுப்பட்டியில் நாய் வளர்க்கப் போகிறீர்களா?

நாயைக் குட்டியாகவே கொண்டுவந்துவிடுங்கள். 2 மாதக் குட்டி ஆட்டு வாசனையிலேயே வளர்ந்தால் ஆடுகளைத் தன் கூட்டமாக நினைத்துக்கொள்ளும். சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்கு ஓடுவதைத் துரத்துவது பிறவிக் குணம். பட்டிக் காவலுக்குச் சாதாரண நாட்டு நாயே போதும் என்பது என் கட்சி.

முதல் ஒரு வருஷம் ஆடுகளோடு தனியாக விடாதீர்கள். விளையாட்டாகக் காதைக் கடிக்கும், துள்ளும் குட்டியைத் துரத்தும். அந்த நிமிஷமே அதட்டிக் கட்டிப்போடுங்கள். ஆடு ஈனும் நாளில் நாயைத் தள்ளிக் கட்டி, நஞ்சுக்கொடியைக் குழி தோண்டிப் புதையுங்கள். கொடி தின்ன வருகிற நாய், ஈரம் காயாத குட்டியிலும் வாய் வைத்துவிடலாம்.

பலரும் மறப்பது புழு. அறுத்த ஆட்டின் தலை, குடல், ஈரலை நாய்க்குப் பச்சையாகப் போடவே கூடாது. அவற்றில் இருக்கும் நீர்க்கட்டி நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டை நாயின் மலம் வழியே புல்லில் கலந்து மறுபடி ஆட்டுக்குள் போகும். இப்படி மூளையில் கட்டி வந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுங்கள். அதில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி.

நாயின் சோற்றுத் தட்டு ஆட்டுக்கு எட்டக் கூடாது. சோறு அதிகம் தின்ற ஆட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.