வசந்தம் பார்க்க ஒரு ஆன்டெனா போதும்

சிங்கப்பூரில் வசந்தம் தமிழ் டிவி சேனலைப் பார்க்க மாதச் சந்தா தேவையில்லை. 2019 ஜனவரியில் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு எல்லாமே டிவிபி-டி2 (DVB-T2) என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைதான். டிவியிலேயே அந்தச் சிக்னலை வாங்கும் ட்யூனர் இருந்தால் செட்டாப் பாக்ஸும் வேண்டாம், சின்ன இண்டோர் ஆன்டெனா போதும்.

வைக்கிற இடத்தில்தான் சூட்சுமம். முதலில் டிவிக்குப் பின்னால் செருகி வைத்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஜன்னலோரம், இரும்புக் கிரில்லை விட்டு ஒரு சாண் தள்ளி, புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் பக்கமாகத் திருப்பினேன். சரியாகிவிட்டது. (மொட்டை மாடியில் ஒருவர் திருப்ப, கீழேயிருந்து “தெரியுது, தெரியுது!” என்று கத்திய காலம் ஞாபகம் வந்தது.)

அப்புறம், ஏதாவது சேனல் விட்டுப்போனால் இடத்தை மாற்றி ஆட்டோ ட்யூனிங்கை மறுபடி ஓட்டுங்கள். சிக்னலைக் கூட்டும் பூஸ்டரை அவசரப்பட்டு வாங்காதீர்கள். சிக்னல் பலமாக உள்ள இடத்தில் அதுவே படத்தைக் கெடுக்கும்.