கொழும்பு வெக்கைக்குள்ள வீட்டிலயே நெயில் ஆர்ட் போடுறது எப்பிடி

முதல்லயே சொல்லிடுறன், ஒன்லைன்ல பெரிய பெட்டியாக் காட்டுற நெயில் ஆர்ட் கிட்டை வாங்காதீங்கோ, அதில முக்கால்வாசிச் சாமானை ஒருநாளும் தொட மாட்டீங்கள். கலருக்கு முந்திப் பூசுற பேஸ் கோட் ஒண்டு, வெள்ளை, கறுப்பு, உங்களுக்குப் பிடிச்ச கலர் கியூடெக்ஸ் ரெண்டு, கடைசியா மேல பூசுற நல்ல டொப் கோட் ஒண்டு, அவ்வளவுதான். காசு செலவழிக்கிறதெண்டா டொப் கோட்டுக்குச் செலவழியுங்கோ, கலர் மலிவா இருந்தாலும் டொப் கோட் நல்லதா இருந்தா வேலை வடிவா நிக்கும். மிச்சச் சாமான் எல்லாம் வீட்டிலயே கிடக்கு: குண்டூசி, ஹெயார் கிளிப், பல்லுக்குத்தி, செலோடேப், மை முடிஞ்ச போல்பொயின்ட் பேனை, மேக்கப் ஸ்பொஞ்ச்.

வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிற ஆக்கள் 100 இல்லாட்டி 101 பஸ்ஸில ஏறி புறக்கோட்டைக்குப் போனா, கெய்சர் வீதிப் பக்கத்து ஃபேன்சிக் கடையளில ஸ்டிக்கர், கல்லு, கிளிட்டர் எல்லாம் மலிவா எடுக்கலாம். ஆனா கியூடெக்ஸ் போத்தலை மட்டும் நடைபாதையில வெயிலுக்குள்ள வச்சு விக்கிற இடத்தில எடுக்காதீங்கோ. சரிச்சுப் பாருங்கோ, தண்ணி மாதிரி ஓடாம இழுபட்டு வந்தா அது பழசு.

இனி விஷயத்துக்கு வாறன். வெளிநாட்டு வீடியோ பாத்து அப்பிடியே செய்யிறம், ஆனா இங்க வராது, ஏனெண்டா அவையள் ஏசி அறைக்குள்ள இருந்து செய்யினம், நாங்க வேர்த்து ஒழுகுற கையோட செய்யிறம். கியூடெக்ஸ் எண்டுறது நைட்ரோசெலுலோசை எதைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் மாதிரியான திரவத்தில கரைச்சு வச்சிருக்கிறது, அந்தத் திரவம் ஆவியாப் போனாத்தான் கலர் இறுகும். தடிப்பாப் பூசினா பால்தேத்தண்ணியில ஆடை படுற மாதிரி மேல மட்டும் காஞ்சிடும், உள்ளுக்குள்ள ஈரம் அப்பிடியே இருக்கும், கெதியாக் காயட்டும் எண்டு சீலிங் ஃபேனை ஃபுல் ஸ்பீட்ல போட்டா இன்னும் மோசம், மேற்பக்கம் முந்திக் காஞ்சு உள்ள இருக்கிறது வெளிய வர வழியில்லாம சின்னச் சின்னக் குமிழ் வரும். அதால ஃபேனை நிப்பாட்டிட்டு அல்லது நல்லாக் குறைச்சிட்டு, மெல்லிசா 3 கோட் போடுங்கோ. முதல் கோட் கீறல் கீறலா அசிங்கமாத்தான் இருக்கும், அதைத் திருத்த வெளிக்கிடாதீங்கோ, ரெண்டாவது கோட் அதை மூடிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில 3, 4 நிமிஷமாவது விடோணும். ஐஸ் தண்ணிக்குள்ள விரலை வைக்கிற வேலை மேல்பக்கத்தை இறுக்குமே தவிர உள்ளுக்குக் காயவைக்காது. இரவுச் சாப்பாடு முடிஞ்சு கோப்பை எல்லாம் கழுவிட்டு இருந்தீங்கள் எண்டா நல்லம், ஆனா முடிச்ச உடன படுக்கப் போகாதீங்கோ, பெட்ஷீட்டின்ர நூல் டிசைன் நகத்தில அப்பிடியே பதிஞ்சிடும்.

இன்னொரு எங்கட ஊர்ப் பிரச்சினை எண்ணெய். தலைக்கு எண்ணெய் வச்ச கையோட, தேங்காய் துருவின கையோட பூசினா ரெண்டு நாளில உரிஞ்சு வரும். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைச்சிட்டு, பஞ்சில கொஞ்சம் ரிமூவரோ சேர்ஜிகல் ஸ்பிரிட்டோ எடுத்து ஒவ்வொரு நகத்தையும் துடையுங்கோ. நகத்தடித் தோலை வெட்டாதீங்கோ, குளிச்சு முடிச்ச நேரம் துவாயால மெதுவாப் பின்னுக்குத் தள்ளினாப் போதும், அது கிருமி உள்ள போகாமத் தடுக்கிற தோல். பேஸ் கோட்டை விடவே கூடாது, முக்கியமா சிவப்பும் கடும் நீலமும் போடுறவை, இல்லாட்டி நகம் மஞ்சளாப் போகும்.

முதல்ல புள்ளியில தொடங்குங்கோ. கோலம் போடுற கைக்கு இது சொல்லித்தரத் தேவையே இல்லை. ஒரு பிளாஸ்டிக் மூடியில ஒரு சொட்டு கியூடெக்ஸ் விட்டு, குண்டூசித் தலையைத் தொட்டு நகத்தில வச்சா சின்னப் புள்ளி, ஹெயார் கிளிப்பின்ர உருண்டை முனையால வச்சா பெரிய புள்ளி, போல்பொயின்ட் முனையால வச்சா ஆகச் சின்னது. அழுத்தக் கூடாது, சொட்டு நகத்தில பட்டாக் காணும். 5 புள்ளி வட்டமா வச்சு நடுவில மஞ்சள் ஒண்டு வச்சாப் பூ. ரெண்டு புள்ளி பக்கத்தில பக்கத்தில வச்சு பல்லுக்குத்தியால கீழ இழுத்துச் சேத்தா ஹார்ட். ஈரமா இருக்கிற கலருக்கு மேல வேற கலர்ல புள்ளி வரிசையா வச்சு, காயுறதுக்கு முந்தி பல்லுக்குத்தியால குறுக்க ஒரு கோடு இழுத்துப் பாருங்கோ, மாபிள் மாதிரி வரும், கீழ சொல்லப்போற வாட்டர் மார்பிளுக்குப் படுற பாட்டில கால்வாசி கூட இதுக்கு இல்லை. ஒவ்வொரு 2, 3 புள்ளிக்கும் ஒருக்கா முனையைத் துடையுங்கோ, இல்லாட்டி புள்ளி பெருத்துக்கொண்டே போகும். மூடியில விட்ட சொட்டும் இந்த வெக்கைக்கு ஒரு நிமிஷத்தில நூல் மாதிரி இழுபடத் தொடங்கும், அப்ப புதுச் சொட்டு விடுங்கோ. எல்லா விரலுக்கும் டிசைன் போடோணும் எண்டு இல்லை, மோதிர விரலுக்கு மட்டும் போட்டு மிச்சத்தை ஒரே கலர்ல விட்டா அதுதான் இன்னும் எடுப்பா இருக்கும் எண்டு நான் நினைக்கிறன்.

செலோடேப் வேலை சுகம், ஆனா அடிக்கலர் முழுசாக் காஞ்சிருக்கோணும், இங்க அதுக்கு ஒரு மணித்தியாலமாவது விடுங்கோ. டேப்பை முதல்ல கையின்ர பின்பக்கத்தில ஒருக்கா ஒட்டி எடுத்தா பசை கொஞ்சம் குறையும், பிறகு நகத்தில ஒட்டி, மேல கலர் பூசி, ஈரமா இருக்கேக்கயே உரிச்சிடோணும், காய விட்டா ஓரம் பிய்ஞ்சு வரும். ஃபைல்ல ஓட்டை கிழியாம இருக்க ஒட்டுற வட்ட ஸ்டிக்கர் புத்தகக் கடையில கிடைக்கும், அதை நகத்தடியில ஒட்டிப் பூசினா அரைப்பிறை வெறுமையா விட்ட ஸ்டைல், 1930களில வெள்ளைக்காரப் பொம்பிளையள் போட்டது, பழைய சாறியோட நல்லாப் பொருந்தும். நகத்தின்ர நுனிக்கு மட்டும் வெள்ளை பூசுற ஃபிரெஞ்ச் டிப்பையும் இதே டேப்பால செய்யலாம். ஆனா கையால சோறு கறி சாப்பிடுற எங்களுக்கு வெள்ளை டிப் சரிவராது, மஞ்சள் ஏறிடும், டொப் கோட்டை நகத்தின்ர நுனி விளிம்பிலயும் இழுத்துப் பூசினா கொஞ்ச நாளைக்குத் தாங்கும், ஆனா கல்யாண வீட்டுக்கு எண்டா வெள்ளைக்குப் பதிலா தங்கக் கலர்ல டிப் போடுங்கோ, கறியும் தெரியாது கூறைக்கும் பொருந்தும்.

எங்கட காலநிலைக்கு ஆகப் பொருத்தமானது ஒரு கலர் மெல்ல மெல்ல மற்றக் கலராப் போற ஸ்பொஞ்ச் கிரேடியன்ட்தான், ஏனெண்டா ஸ்பொஞ்சால ஒத்துறது மெல்லிசா விழும், கெதியாக் காயும். முதல்ல நகத்துக்கு வெள்ளை பூசிக் காயவிடுங்கோ, அப்பதான் மேல போடுற கலர் பளிச்செண்டு தெரியும். மேக்கப் ஸ்பொஞ்சை தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்சிட்டு, ரெண்டு இல்லாட்டி மூண்டு கலரைப் பக்கத்தில பக்கத்தில கோடு கோடாப் பூசி, நகத்தில ஒத்துங்கோ, கொஞ்சம் மேல கீழ ஆட்டி ஆட்டி ஒத்தினாத்தான் நடுக்கோடு மறையும். 2, 3 தரம் செய்யோணும். காலிமுகத்திடல்ல பொழுது படேக்க பாக்கிற அந்தச் செம்மஞ்சள், ரோஸ், ஊதா வரிசை இதுக்கு எண்டே செஞ்ச கலர் மாதிரி. செம்மஞ்சளுக்குப் பக்கத்தில நேர நீலத்தைப் போடாதீங்கோ, சேருற இடம் சேத்துக் கலராகும். முடிச்ச உடன சொரசொரப்பாத்தான் இருக்கும், டொப் கோட் போட்டா மட்டமாகும். விரலைச் சுத்தி எல்லாம் அப்பும், அதால முன்கூட்டியே நகத்தைச் சுத்தித் தோலில பைண்டர் கம் (பேப்பர் ஒட்டுற வெள்ளைப் பசை) பூசிக் காயவிட்டா கடைசியில அப்பிடியே உரிச்சு எடுக்கலாம்.

கை நடுங்குது, பொறுமையும் இல்லை எண்டுறவைக்கு சோறு சுத்துற லஞ்ச் ஷீட். ஒரு கலர் காஞ்ச பிறகு மேல வேற கலர் பூசி, ஈரத்தோட கசக்கின லஞ்ச் ஷீட் துண்டால ஒத்தி எடுங்கோ, முடிஞ்சுது. கறுப்புக்கு மேல தங்கம் நல்லா வரும்.

பேப்பர் எழுத்துப் பதிக்கிறது பாக்க ஆசையா இருக்கும். வெளிர் கலர் பூசி நல்லாக் காயவிட்டு, சேர்ஜிகல் ஸ்பிரிட்டுக்குள்ள விரலை ஒரு சில செக்கன் வச்சிட்டு, வீரகேசரிப் பேப்பரில ஒரு சின்னத் துண்டு வெட்டி நகத்தில வச்சு அசையாம அமத்திப் பிடிச்சு எடுத்தா மை இறங்கும். எழுத்து கண்ணாடியில பாக்கிற மாதிரி தலைமாறித்தான் விழும், ஆனா தமிழ் எழுத்தின்ர சுழி எல்லாம் எந்தப் பக்கத்தாலயும் வடிவுதான். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் தவிருங்கோ, ஆரும் உத்துப் பாத்தா வில்லங்கம்.

வாட்டர் மார்பிள் எண்டு தண்ணிக் கோப்பைக்குள்ள கலர் கலரா சொட்டு விட்டு விரலை முக்கிறாங்களே, அதைக் கடைசியா வச்சிருங்கோ. தண்ணி அறைச் சூட்டில இருக்கோணும், பிரிட்ஜ் தண்ணி கூடாது. போத்தல் புதுசா இருக்கோணும், பழசு பரவாமக் கட்டியா கீழ போகும். ஃபேன் காத்துப் பட்டா கலர் படலம் செக்கன் கணக்கில இறுகிடும். ஒரு கைக்கு அரைப் போத்தல் வீண், அவ்வளவு மினக்கெட வேண்டிய விஷயம் இல்லை எண்டது என்ர அபிப்பிராயம்.

வலக்கைக்காரர் இடக்கையால பூசேக்க ரெண்டு முழங்கையையும் மேசையில ஊண்டிட்டு, பிரஷ்ஷை ஒரே இடத்தில பிடிச்சு விரலை உருட்டுங்கோ, பிரஷ்ஷை அசைக்கிறதை விட அது லேசு.

லாம்ப் வெளிச்சத்தில இறுக வைக்கிற ஜெல் கியூடெக்ஸ் பற்றிக் கேப்பீங்கள். லாம்ப் மலிவா வருது உண்மைதான், ஆனா முழுசா இறுகாத ஜெல் தோலில பட்டுப் பட்டு அக்ரிலேட் அலர்ஜி வந்தா அது வாழ்நாள் முழுக்க விடாது, பிறகு பல்லு அடைக்கிற சாமானுக்குக் கூட ஒத்துக்கொள்ளாமப் போகலாம். டிபிஓ எண்டு ஜெல்லை இறுக வைக்கிற ஒரு பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 தொடக்கம் அழகுசாதனங்களில தடை செஞ்சிட்டுது. பேரில்லாத போத்தலில என்ன இருக்கெண்டு தெரியாம வீட்டில போடுறதை விட, ஜெல் வேணுமெண்டா பழகின ஆளிட்டப் போங்கோ.

திங்கக்கிழமை ஸ்கூல், ஒஃபிஸ் எண்டுறவைக்கு பைண்டர் கம்தான் கைகொடுக்கும். பேஸ் கோட்டுக்குப் பதிலா மெல்லிசா அதைப் பூசி, வெள்ளை நிறம் மாறித் தெளிவாகும் வரைக்கும் காயவிட்டு, மேல கியூடெக்ஸ் போடுங்கோ, ஞாயிறு இரவு ஓரத்தில கிளப்பினா அப்பிடியே உரிஞ்சு வரும். தொழுகைக்கு முந்திக் கழுவி உளூ எடுக்கிற முஸ்லிம் பிள்ளையளும் இப்பிடிப் போட்டு நேரத்துக்கு உரிச்சு எடுக்கலாம். தண்ணி பட்டா முந்தியே கழரும், அதால அண்டைக்குப் பாத்திரம் கழுவுறதை வேற ஆளிட்டக் குடுங்கோ. ஒப்பரேஷனுக்குப் போறதெண்டா எந்தக் கலரையும் முழுக்க அழிச்சிட்டுப் போகோணும், விரலில மாட்டி ஒக்சிஜன் பாக்கிற மெஷின் கலரால பிழையாக் காட்டலாம்.

அழிக்கேக்க உரஞ்சாதீங்கோ. ரிமூவர்ல நனைச்ச பஞ்சை நகத்தில வச்சு 10 செக்கன் அமத்திப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுங்கோ. கிளிட்டர் எண்டா பஞ்சோட ஃபொயில் சுத்தி 10 நிமிஷம் விடோணும், கல்லு ஒட்டினதுக்கும் அப்பிடித்தான். ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் கெதியா நெருப்புப் பிடிக்கும், அதால குசினியில காஸ் அடுப்புக்குப் பக்கத்திலயோ சாமி விளக்குக்குப் பக்கத்திலயோ இருந்து செய்யாதீங்கோ, யன்னலைத் திறந்து வச்சிட்டுச் செய்யுங்கோ. முடிய கையைக் கழுவி ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவலாம், இப்பதான் எண்ணெய்க்கு நேரம். போத்தல் தடிச்சுப்போனா ரிமூவர் ஊத்தாதீங்கோ, கலர் கெட்டுப்போகும், அதுக்கெண்டு விக்கிற தின்னர் 2, 3 சொட்டு விட்டு உள்ளங்கையில உருட்டுங்கோ. மூட முந்திப் போத்தல் கழுத்தை ரிமூவர்ப் பஞ்சால துடைச்சிட்டு மூடி, யன்னல் வெயில் படாத லாச்சிக்குள்ள நிமித்தி வையுங்கோ.