பார்வையற்ற மாணவருக்கு ஓம் வடிவத்தை விளக்குவது எப்படி? (‘மூணு மாதிரி இருக்கும்’ என்று ஆரம்பிக்காதீர்கள்)

வாரத்தில் இரண்டு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறேன். பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரெய்ல் புத்தகம் கையில் இருந்தால் என் தயவே அவனுக்குத் தேவையில்லை, படங்கள் வரும் இடத்தில்தான் நான் வேண்டும். ஒருநாள் பாடத்தில் கோயில் படம் ஒன்று வந்தது. “வாசல்ல ஓம் போட்டிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். பையன் விடவில்லை.

“அக்கா, ஓம்னா சத்தம்தானே? சத்தத்தை எப்படிப் படமாப் போடுவாங்க?”

நானும் யோசிக்காமல், “மூணு மாதிரி இருக்கும்டா, பக்கத்துல ஒரு வால், மேல ஒரு பிறை, ஒரு பொட்டு” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டான்: “மூணு மாதிரின்னா, பக்கத்துல பக்கத்துல ரெண்டு புள்ளியா?”

பிரெய்லில் எண் மூன்று அப்படித்தான். முன்னால் எண் குறி வரும், அடுத்த கட்டத்தில் (ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிக்கு இடம் உண்டு) 1-ம் புள்ளியும் 4-ம் புள்ளியும், அதாவது மேல் வரிசையில் அக்கம்பக்கமாக இரண்டு புள்ளிகள். நாம் பேனாவால் வளைத்து வளைத்துப் போடும் மூன்றை அந்தப் பையன் வாழ்க்கையில் தொட்டதே இல்லை. ‘ஓ’ என்ற எழுத்தும் அப்படித்தான், அவனுக்கு அது 1, 3, 5 ஆகிய மூன்று புள்ளிகள். ஆக நான் சொன்ன விளக்கம் முழுக்க, ஏற்கெனவே படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். அன்று அசடு வழிந்துவிட்டு வந்து, அடுத்த மூன்று வாரம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன், உங்களுக்காவது நேரம் மிச்சமாகட்டும்.

படி 1: எந்த ஓம்?

இதை முதலிலேயே முடிவு பண்ணுங்கள். நம் ஊரில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று தேவநாகரி ஓம், காலண்டரிலும் கார் கண்ணாடியிலும் பார்ப்பது. இன்னொன்று தமிழ் ஓம், ஓகாரமும் மகர மெய்யும் பின்னிக்கொண்டது: ௐ. முருகன் கோயில்களில் வேலோடு சேர்த்துப் போடுவார்களே, அது. இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் குழம்பிவிடும். பாடப் படத்தில் இருந்தது தேவநாகரி வடிவம் என்பதால் நான் அதை எடுத்துக்கொண்டேன். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான், தமிழ் ஓமுக்குக் கடைசியில் வருகிறேன்.

படி 2: சத்தத்திலிருந்து தொடங்குங்கள்

பையன் கேட்ட கேள்வியிலேயே பாதி வேலை முடிந்திருந்தது. ஓம் முதலில் ஒலி, எழுத்து வடிவம் பிற்பாடு வந்தது. மாண்டூக்ய உபநிடதம் பன்னிரண்டே மந்திரங்கள், அதில் அ, உ, ம என்று பிரித்து விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் ஆகிய மூன்று நிலைகளோடு பொருத்தி, நான்காவதாக, அந்த மூன்றையும் கடந்த துரீய நிலையைச் சொல்கிறது. பேச்சு முழுக்க ஒலியைப் பற்றித்தான். கீழ் வளைவு விழிப்பு, பக்கத்து வால் கனவு, பொட்டு துரீயம் என்று படத்தின் உறுப்புகளுக்கு அர்த்தம் சொல்கிறார்களே, அது அந்த உபநிடதத்தில் இல்லை. சொல்லலாம், தப்பில்லை, ஆனால் உருவம் கைக்குப் பிடிபட்ட பிறகு சொல்லுங்கள். நான் முதல் நாளே சொல்லித் தொலைத்து, “எந்த வளைவு தூங்குது?” என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

மெதுவாக ஓம் சொல்லச் சொல்லுங்கள், ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை விரல் உதட்டில். ‘அ’ வரும்போது வாய் திறந்திருக்கும், ‘உ’ வரும்போது உதடு குவியும், ‘ம்’ வரும்போது மூடிக்கொண்டு மூக்கெல்லாம் அதிரும். ஐந்து நிமிடம் போதும். சுவாமிமலையில் அப்பனுக்கே முருகன் பிரணவப் பொருளை உபதேசித்த கதையையும் இந்த இடத்தில் சொன்னேன், பாதியிலேயே “தெரியும் அக்கா” என்று கையமர்த்திவிட்டான். இந்தப் படியில் எனக்குச் சிக்கல் எதுவும் வரவில்லை.

படி 3: பிரெய்ல் கட்டத்தையே சட்டகமாக்குங்கள்

இடது மேல், வலது கீழ் என்று வாயால் சொல்லிக்கொண்டே போனால் நான்காவது வாக்கியத்தில் எல்லாம் கலங்கிவிடும். கடிகார முள் கணக்கில் சொல்வதும் வழக்கம்தான், ஆனால் பிரெய்ல் படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல வரைபடம் விரல்நுனியிலேயே இருக்கிறது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. “ஒரு பெரிய பிரெய்ல் கட்டம், உன் கை அகலத்துக்கு. அதுக்குள்ள ஓம் உட்கார்ந்திருக்கு” என்று ஆரம்பியுங்கள். நான் சொல்லும் வாசகம் இப்போது ஏறக்குறைய இப்படி இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

“1-ம் புள்ளியில விரலை வை. அங்கேர்ந்து ஒரு வளைவு வலப்பக்கம் உப்பி, திரும்பி உள்ளே வந்து, கட்டத்தோட நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கும். அந்த இடுப்புலேர்ந்து இன்னொரு வளைவு, முதல் வளைவை விடப் பெரிசு, தொப்பை மாதிரி வலப்பக்கம் உப்பிக் கீழே வந்து, 3-ம் புள்ளிகிட்ட முடியும். இது ஒரே கோடு. இப்போ திரும்பவும் இடுப்புக்கு வா. அங்கேர்ந்து வலப்பக்கம் தும்பிக்கை ஒண்ணு கிளம்பும். 5-ம் புள்ளிப் பக்கம் போய், மேலே எழும்பி வளைஞ்சு, 6-ஐப் பார்த்து இறங்கி, நுனி உள்பக்கமா சுருளும். 4-ம் புள்ளி இருக்குற இடத்துல ஒரு சின்னக் கிண்ணம், வாய் மேலே பார்த்தபடி. கிண்ணத்துக்கு மேல ஒரு பொட்டு.”

இடுப்பு, தொப்பை, தும்பிக்கை, கிண்ணம். எல்லாமே அவன் தொட்டுப் பழகியவை. பிள்ளையாரின் முகமே ஓம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் தும்பிக்கை சட்டென்று ஒட்டிக்கொண்டது. ‘பிறை’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன், வானத்துப் பிறையை அவன் எங்கே தொட்டான்?

படி 4: கைக்குக் கொடுங்கள் (நான் வழுக்கி விழுந்த இடம்)

வாயால் சொன்னது மட்டும் போதாது, தடவிப் பார்க்க ஒன்று வேண்டும். தையல்காரர்கள் துணியில் கோடு பதிக்கப் பயன்படுத்தும் பல் வைத்த சக்கரம் ஒன்று வீட்டில் இருந்தது. தடித்த தாளைப் பழைய செய்தித்தாள் அடுக்கின் மேல் வைத்து, சக்கரத்தை அழுத்தி ஓட்டினால் மறுபக்கம் புள்ளி புள்ளியாகக் கோடு எழும்பும். அழகாக ஓட்டினேன். தாளைத் திருப்பி அவன் கையில் கொடுத்தேன். பெருமை வேறு.

தடவிக்கொண்டே வந்தவன் நின்றான். “தும்பிக்கை வலப்பக்கம்னு சொன்னீங்க. இது இடப்பக்கம்ல போகுது?”

ஆமாம். பின்பக்கமிருந்து அழுத்தினால் முன்பக்கம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறித்தான் வரும். எனக்கு உறைக்கவே ஒரு நிமிடம் ஆனது, அவனுக்கோ அது அன்றாடப் பாடம். பிரெய்ல் ஸ்லேட்டில் ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக, புள்ளிகளை இடவலம் மாற்றித்தான் எழுதுவார்கள், தாளைத் திருப்பினால் நேராக இருக்கும். “ஸ்லேட்ல எழுதுற மாதிரி திருப்பிப் போடணும் அக்கா” என்று எனக்கே வகுப்பு எடுத்தான்.

சரி, தீர்வு: படத்தை அச்செடுத்து, தாளை ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராக வைத்து, பின்பக்கம் தெரியும் கோட்டின் மேல் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அந்தப் பென்சில் கோட்டின் மேல் சக்கரத்தை ஓட்டுங்கள். ஓமிலாவது பரவாயில்லை, ஸ்வஸ்திக் செய்கிறவர்கள் இதில் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும், அதில் வலம் இடம் மாறினால் அது வேறு சின்னமாகவே ஆகிவிடும்.

இனி என் சொந்த அபிப்பிராயம். சக்கரம் அவசரத்துக்குத்தான் சரி. ரப்பர் பலகை மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரையும் முறையில், வரைந்த பக்கத்திலேயே கோடு எழும்பும், திருப்பும் தலைவலி இல்லை, ஆனால் கோடு மெல்லிசு. சூடு பட்டால் கறுப்புக் கோடு மட்டும் உப்பி எழும் தாளும் உண்டு, அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். என் ஓட்டு சணல் கயிறுக்கும் அட்டைக்கும் பசைக்கும்தான். கயிறு கெட்டியாக நிற்கும், விரல் வழுக்காமல் கூடவே போகும்.

ஆனால் கயிறிலும் ஒரு பொறி இருக்கிறது, இடுப்பில். மூன்று வழி சேரும் இடம் அது: மேல் வளைவு வருகிறது, கீழ் வளைவு போகிறது, தும்பிக்கை பிரிகிறது. கண்ணுக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும், விரலுக்கு முச்சந்தி. முதல் அட்டையில் பையன் ஒவ்வொரு முறையும் மேல் வளைவிலிருந்து நேராகத் தும்பிக்கைக்குள் போய்விட்டான், தொப்பையைக் கண்டுபிடிக்கவே இல்லை. எல்லாமே ஒரே சணல் என்றால் எப்படித் தெரியும்? அடுத்த அட்டையில் வளைவு இரண்டையும் முரட்டுச் சணலிலும், தும்பிக்கையை வழவழப்பான பிளாஸ்டிக் வயரிலும், கிண்ணத்தை உப்புத்தாளில் வெட்டியும், பொட்டை ஒரு மிளகிலும் ஒட்டினேன். ஒரே தடவையில் பிடித்துவிட்டான்.

அளவு ஒரு சாண் போதும். அதைவிடப் பெரிதானால் கைக்குள் அடங்காது, முழு உருவம் மனதில் சேராது. சிறிதானால் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். பிரெய்ல் கட்டத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான், அதைப் படிக்கும் விரல்தானே என்று நெருக்கி ஒட்டிவிடாதீர்கள். பழகிய எழுத்து வேறு, முதன்முதலில் தொடும் படம் வேறு. கோட்டுக்குக் கோடு ஒரு விரல் அகலம் விடுங்கள்.

இன்னொன்று, பிள்ளையின் விரலைப் பிடித்து இழுத்துக் காட்டாதீர்கள். உங்கள் கை கீழே, அவர் கை மேலே, அவராகக் கூட வரட்டும். உட்காரும்போது பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் உட்கார்ந்தால் உங்கள் வலமும் அவர் வலமும் சண்டை போடும்.

படி 5: அந்தரத்தில் தொங்கும் கிண்ணம்

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. “கிண்ணம் எதுலயும் ஒட்டலையே, எது மேல நிக்குது?” அவனுக்குத் தெரிந்த பொருள் எதுவும் அந்தரத்தில் நிற்பதில்லை, நியாயம்தான். படத்தில் இருப்பவை ஒன்றையொன்று தொடத் தேவையில்லை என்று விளக்கப் பார்த்து, என்னென்னவோ சொல்லி, கடைசியில் கை கொடுத்தது பிரெய்ல்தான்: ‘ஓ’வில் இருக்கும் மூன்று புள்ளிகளும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? இல்லை. ஆனால் ஒரே எழுத்து. அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

படி 6: அவரையே செய்யச் சொல்லுங்கள்

களிமண்ணை உருட்டிக் கயிறாக்கி, தட்டில் ஓம் செய்யச் சொன்னேன். தும்பிக்கையை மேசை விளிம்பு வரை நீட்டிவிட்டான், மற்றபடி சரி. முடித்த பிறகு களிமண்ணைத் திரும்பப் பிசையப் போனபோது அவன் பாட்டி பதறிவிட்டார், “ஓமைப் போட்டுப் பிசையாதேடா” என்று. “பிள்ளையாரையே கரைக்கிறோமே பாட்டி” என்றான். பாட்டி சிரித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உங்கள் மாணவர் வீட்டில் எப்படியோ, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அட்டையையும் தரையில் போட்டுவிட்டு வராதீர்கள்.

தமிழ் ஓம்

ஓகாரத்தின் அச்சு வடிவமும் ‘ம்’ வடிவமும் தெரிந்தால்தான் இது புரியும் என்பதால் இரண்டு எழுத்தையும் முதலில் தனித்தனி அட்டையில் கொடுங்கள். பிறகு இரண்டும் சேர்ந்த வடிவம். எழுத்துருவுக்கு எழுத்துரு ‘ம்’ உட்காரும் இடம் மாறும், அதனால் ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். பிரெய்லில் எழுதிக் காட்டும்போது தனிச் சின்னம் தேடாமல் ஓம் என்றே எழுதுங்கள்: ஓ-வுக்கு 1, 3, 5, பிறகு மெய்யைக் காட்டும் 4-ம் புள்ளி, பிறகு ம-வுக்கு 1, 3, 4. நாம் புள்ளியை எழுத்தின் தலையில் வைப்போம், பிரெய்லில் அது எழுத்துக்கு முன்னால் வரும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஆசிரியை ஒருவர், தன் மாணவிக்குப் பன்னிரண்டு வயதில்தான் பார்வை போனது, ‘மூணு மாதிரி’ என்றதுமே புரிந்துகொண்டாள் என்று சொன்னார். சரிதான். எனவே படி 1-க்கும் முன்னால் ஒரு படி சேர்த்துக்கொள்ளுங்கள்: எப்போதாவது அச்செழுத்தைப் பார்த்ததுண்டா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

பின்சேர்க்கை 2: திருநீற்றுப் பட்டையை எப்படி விளக்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு அட்டையெல்லாம் எதற்கு? மூன்று விரலால் அவர்களே நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும்.

பின்சேர்க்கை 3: கணினியில் பாடம் தயாரிப்பவர்களுக்கு. ௐ என்ற ஒற்றைக் குறி யூனிகோடில் 2008-ல், 5.1 பதிப்பில் சேர்ந்தது. ஆனாலும் ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) வாசிக்க வேண்டிய இடத்தில் நான் ‘ஓம்’ என்று இரண்டு எழுத்தாகவே தட்டச்சு செய்கிறேன். படமாகப் போட்டால் மாற்று உரையில் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் குறிப்பு) ‘ஓம் சின்னம்’ என்றாவது எழுதுங்கள். பையனின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஓம் படம் வருமாம், அவன் போன் ‘படம்’ என்று மட்டும் சொல்லுமாம். இப்போது அவன் ஒவ்வொரு நாளும் பதில் போடுகிறான்: “தும்பிக்கை எந்தப் பக்கம் இருக்கு?”