கையடக்க லினக்ஸில் ஸ்லைடுஷோ: எந்த வியூவர், அதற்கு முன் என்ன வேலை

கிளாக்வொர்க் பையின் யூகன்சோல் என்ற கையடக்கக் கணினியில் 5 அங்குலத் திரை, 1280x720. கீழே கட்டைவிரலால் தட்டும் கீபோர்டு. அதில் ஒரு ஃபோல்டர் படங்களைத் தானாக ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டிருக்கிறீர்கள், டெர்மினல் திறக்கத் தெரியும், ஆப்ட் மூலம் மென்பொருள் நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. வியூவர்

வியூவர் என்றால் படம் காட்டும் மென்பொருள். ஜிதம்ப், ஷாட்வெல் எல்லாம் மேசைக் கணினிக்கு நல்லவை. இந்தத் திரையில் பொத்தான்கள் பொடியாகிவிடும், டிராக்பாலை உருட்டியே நேரம் போகும். கீபோர்டிலேயே எல்லாம் முடிகிற வியூவர்தான் வேண்டும்.

திரையில் சாளரங்களை வரையும் அமைப்பு வேலேண்ட் என்றால் என் ஓட்டு ஐஎம்விக்கு (imv). பெயருக்குப் பின் ஹைஃபன் எஃப் (முழுத்திரை), ஹைஃபன் டி (t) 6 (படத்துக்கு 6 வினாடி), கடைசியில் ஃபோல்டர் பெயர். ஓடும்போது டி (t) அழுத்தினால் ஒரு வினாடி கூடும், ஷிஃப்டுடன் அழுத்தினால் குறையும். ஐஎம்வி என்று அடித்து ஒன்றும் வராவிட்டால், ஐஎம்வி ஹைஃபன் வேலேண்ட் என்று அடியுங்கள்.

வேலேண்டுக்கு முந்தைய எக்ஸ்11 என்றால் ஃபே (feh). இதில் நேரத்துக்குப் பெரிய எழுத்து டி (D), முழுத்திரைக்குப் பெரிய எழுத்து எஃப். எச் அழுத்தினால் நிற்கும். டெலீட் விசை பட்டியலிலிருந்து மட்டும் நீக்கும். கண்ட்ரோலும் சேர்ந்தால் படமே டிஸ்கிலிருந்து போய்விடும். நெருக்கமான கீபோர்டு, ஜாக்கிரதை.

2. படங்களைச் சிறிதாக்குதல்

வியூவர் மெதுவாக இருக்கிறது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். 4000x3000 படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஃபைல் 4 எம்பிதான் இருக்கும், ஆனால் விரித்தால் நினைவகத்தில் சுமார் 48 எம்பி பிடிக்கும். திரையில் இருப்பதோ 9,21,600 புள்ளிகள். மிச்சத்தை ஒவ்வொரு முறையும் விரித்துத் தூக்கிப்போட பிராசசரும் பேட்டரியும் உழைக்கின்றன.

படங்களை மாற்றியமைக்கும் இமேஜ்மேஜிக் நிறுவி, படங்கள் உள்ள ஃபோல்டருக்குள் சின்னதாக இன்னொரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு அதன் கட்டளையான மோக்ரிஃபை (mogrify), ஹைஃபன் பாத் (புது ஃபோல்டர்), ஹைஃபன் ஆட்டோ-ஓரியன்ட், ஹைஃபன் ரீசைஸ் '1280x720>', கடைசியில் *.ஜேபிஜி. பாத் கொடுக்காவிட்டால் அசல் படங்களின் மேலேயே எழுதிவிடும். ஆட்டோ-ஓரியன்ட் இருந்தால் செங்குத்தாக எடுத்த படங்கள் சாய்ந்து வராது.

அந்த ஒற்றை மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். > என்பது பெரிய படத்தை மட்டும் சுருக்கு என்று இமேஜ்மேஜிக்குக்குச் சொல்வது. குறி இல்லாவிட்டால் ஷெல் (டெர்மினலில் கட்டளையைப் படிக்கும் மென்பொருள்) அதை, வெளியீட்டை ஃபைலில் எழுதச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும். பல படங்கள் இருந்தால் 'ஆம்பிகுவஸ் ரீடைரக்ட்' என்று திட்டிவிட்டு நிற்கும், தப்பித்தோம். ஃபோல்டரில் ஒரே ஒரு படம் இருந்தால் திட்டக்கூடச் செய்யாது, அந்தப் படத்தை 0 பைட் ஆக்கிவிடும்.

3. டெஸ்க்டாப் இல்லாமல்

வெறும் கன்சோலில் எஃப்பிஐ (fbi) வியூவர் போதும்: ஹைஃபன் ஏ (திரைக்குப் பொருத்த), ஹைஃபன் டி (t) 6, கடைசியில் *.ஜேபிஜி. எஸ்எஸ்எச் வழியாக (வேறு கணினியிலிருந்து இணைந்து) ஓட்டினால் இது லினக்ஸ் கன்சோல்தானா என்று கேட்டு மறுக்கும். முன்னால் சுடோவும், பின்னால் ஹைஃபன் பெரிய எழுத்து டி (T) 1-உம் சேர்த்தால் சரி.

அப்புறம் படம் படுத்துக்கொண்டு வரும். யூகன்சோலின் பேனல் உண்மையில் செங்குத்தானது. கன்சோல் எழுத்தைக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) திருப்பிக் காட்டுகிறது, எஃப்பிஐ வரைவதை யாரும் திருப்புவதில்லை. எளிய வழி, சிறிதாக்கும் கட்டளையில் ரீசைஸுக்குப் பின் ஹைஃபன் ரொடேட் 90 சேர்ப்பது. தலைகீழாக வந்தால் 270. இந்தப் படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள், டெஸ்க்டாப்பில் கோணலாகத் தெரியும்.

4. திரை அணையாமல்

ராஸ்பி-கான்ஃபிக் (raspi-config) என்ற அமைப்புக் கருவியில் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் போய் ஸ்க்ரீன் பிளாங்கிங்கை நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: "பாதிப் படங்கள்தான் சுருங்கின" என்று ஒருவர் கேட்டிருந்தார். சில கேமராக்கள் ஃபைல் பெயரின் கடைசியைப் பெரிய எழுத்தில் வைக்கும், லினக்ஸுக்கு அது வேறு பெயர். கட்டளையைப் பெரிய எழுத்தோடு இன்னொரு முறை ஓட்டுங்கள். ஐஃபோனின் ஹெய்க் படங்களை முதலில் ஹெய்ஃப்-கன்வர்ட் (heif-convert) கொண்டு ஜேபிஜி ஆக்கிவிடுங்கள். அது லிப்ஹெய்ஃப்-எக்ஸாம்பிள்ஸ் பேக்கேஜில் இருக்கிறது.