வணிகக் கற்கைகள் பீடத்தை வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீடாதிபதியின் அறையில் முடிவெடுத்துவிட்டு, பீடச் சபையில் அதை அறிவிப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கிறது. பாடத்திட்ட மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். துறைக் கூட்டம், பீடச் சபை, பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவை (செனற்) என்று அது படிப்படியாகப் போக வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ள கோணேசபுரியில் தயாராகும் கோப்பு, 100 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகமுள்ள வந்தாறுமூலைக்குத்தான் போகிறது. பாடத்தின் கனத்தை அளக்கும் மதிப்பலகு (credit) ஒன்றுக்கு 50 கற்றல் மணித்தியாலம் என்ற இலங்கைத் தகைமைச் சட்டகக் (SLQF) கணக்கு பிழையானால் கோப்பு திரும்பிவரும். அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் புதிய அணி மாணவர் பழைய பாடத்திட்டத்திலேயே பதிவாகிவிடுவார்கள். துறையிலேயே இருவர் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் இது நேராது.

கூட்டக் குறிப்பில் “ஆராயப்பட்டது” என்று மட்டும் எழுதுவது அடுத்த தவறு. “பயிலுநர் பயிற்சிக் கையேட்டைத் துறைத் தலைவர் அடுத்த கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன் சமர்ப்பிப்பார்” என்று எழுதுங்கள். பொறுப்பாளரும் திகதியும் இல்லாத விடயம் ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பீடச் சபையில் வெளியாருக்கும் மாணவருக்கும் இடம் தருகிறது. வணிகம் கற்பிக்கும் பீடத்துக்கு இது பெரும் வாய்ப்பு. அதைப் பெயருக்கு நிரப்புவது மனவருத்தம் தரும் வீணடிப்பு. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களிலும் துறைமுகத்திலும் சீனன்குடாத் தொழிற்சாலைகளிலும் கணக்கும் ஆளணியும் பார்ப்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேநீருக்கு அழைத்து, தடித்த கோப்பைக் கையில் கொடுத்தால் தலையாட்டிவிட்டுத்தான் போவார்கள். இரண்டு வாரம் முன்னதாக ஒரு பக்கக் குறிப்பு அனுப்பி, ஒரே கேள்வி கேளுங்கள்: எங்கள் பட்டதாரி வேலைக்கு வந்த முதல் மாதத்தில் எதில் தடுமாறுகிறார்? பருவகாலம் முடிந்து ஹோட்டல்களில் ஆள் குறையும் மாதங்களில் கூட்டம் வையுங்கள்.

கட்டணப் பாடநெறி இணைப்பாளரே விரிவுரைக் கொடுப்பனவைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அமர்ந்திருப்பது இன்னொரு தவறு. அவ்விடயம் வரும்போது அவர் வெளியேற வேண்டும். வெளியேறியது குறிப்பிலும் பதிய வேண்டும். நேர்மையானவரையும் வீண் சந்தேகத்திலிருந்து காப்பது அந்த ஒரு வரிதான்.

பீடாதிபதியின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. கடைசி வாரத்தில் சாவியை மட்டும் ஒப்படைக்காதீர்கள். முடியாத கோப்புகள், நிறுவனங்களுக்குக் கொடுத்த வாக்குகள், செலவாகாத ஒதுக்கீடுகள், மின்னஞ்சல் கடவுச்சொற்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி, தெரிவான புதியவருடன் ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.