ரக்பி லீக் முன்கள வீரர்கள்: அன்றையவரையும் இன்றையவரையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முந்தைய தலைமுறையின் ஆர்தர் பீட்சன் இன்றைய களத்தில் இறங்கினால் இன்று ஆடும் பெய்ன் ஹாஸுக்கு ஈடுகொடுப்பாரா, இன்றைய ஐசேயா யோவை அறுபதுகளின் ஜானி ரேப்பருக்கு இணையாக வைக்கலாமா என்பன போன்ற கேள்விகள் ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் பேசப்படும் இடங்களிலெல்லாம் எழுகின்றன. கேள்விகள் நியாயமானவை. நூறாண்டுகளுக்கும் மேலாக ஆடப்பட்டுவரும் ஓர் ஆட்டத்தில் முன்னோரையும் இன்றையவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்க விரும்புவது இயல்பு. ஆனால் விடை தேடும் முறையில் சில பிழைகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிறக்கும் இடம் ஒன்றுதான்: ஒரு முன்கள வீரரிடம் அவர் காலத்து விதிகள் எந்த வேலையைக் கேட்டன என்று பார்க்காமலே, அவருடைய உடலையும் எண்களையும் எடைபோடத் தொடங்கிவிடுகிறோம்.

இலங்கைப் பள்ளிகளில் ஆடப்படும் ரக்பி யூனியனை மட்டும் அறிந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1895இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்ததிலிருந்து வளர்ந்தது ரக்பி லீக். அணிக்கு 13 பேர். அவர்களில் 6 பேர் முன்கள வீரர்கள். இரு அணி முன்களமும் தலைகோத்து முட்டும் ஸ்க்ரமில் முதல் வரிசையின் இரு ஓரத்திலும் நிற்கும் இரண்டு ப்ராப், அவர்களுக்கு நடுவே ஒரு ஹூக்கர், அடுத்த வரிசையில் இரண்டு செகண்ட் ரோ, கடைசியில் ஒரு லாக். பந்தோடு ஓடிச் சென்று எதிரணியின் தடுப்பு வரிசையில் மோதி இடம் பிடிப்பதும், எதிரணியினர் அவ்வாறு வரும்போது டேக்கிள் செய்து வீழ்த்துவதும் இவர்களின் முதன்மையான வேலைகள்.

விதிகளை மறந்து ஆளை மட்டும் பார்ப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. 1966 பருவம் வரை ஆஸ்திரேலியாவில் ஓர் அணி எத்தனை முறை டேக்கிள் செய்யப்பட்டாலும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். 1967இல் நான்கு டேக்கிள் என்ற வரம்பு வந்தது. 1971இல் அது ஆறாக உயர்ந்தது. சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ச்சியாக 11 பட்டங்களை வென்றது முழுக்க முழுக்க வரம்பில்லாத காலத்தில்தான். அவற்றில் பத்தில் பங்குகொண்டவர் செகண்ட் ரோ வீரர் நார்ம் ப்ரோவன். அந்தக் காலத்து முன்கள வீரருக்குப் பந்தைத் தவறவிடாமல் இருப்பதே முதல் கடமை. ஒருமுறை தவறவிட்டால் அது மறுபடி எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை டேக்கிள் செய்துகொண்டே இருக்க வேண்டும். இன்றைய ப்ராப்புக்கோ, ஆறாவது டேக்கிளோடு பந்து கைமாறிவிடும் என்பதால் அதற்குள் எதிரணி அதை உதைத்துவிடும் என்பது தெரியும். தன் உழைப்பு எங்கே முடியும் என்ற கணக்கு அவரிடம் இருக்கிறது.

அதனால் இன்றைய வேலை எளிது என்று முடிவுகட்டினால் அடுத்த தவறில் விழுவோம். 1993க்கு முன் பல ஆண்டுகளாகத் தடுக்கும் அணி ஒவ்வொரு டேக்கிளுக்குப் பின்னும் 5 மீட்டர் பின்வாங்கினால் போதும். 1993இல் அது 10 மீட்டர் ஆயிற்று. இன்றைய ப்ராப் தடுக்கும்போது என்ன செய்கிறார் என்பதை நெருங்கிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். நூறு கிலோவைத் தாண்டிய ஓர் ஆட்டக்காரர் பத்து மீட்டர் ஓட்டத்தின் வேகத்தோடு வந்து அவர் தோளில் மோதுகிறார். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அவரைப் புரட்டி முதுகு தரையில் படும்படி கிடத்தி, எழவிடாமல் ஒரு கணமேனும் தாமதப்படுத்த வேண்டும். உடனே எழுந்து, பந்தின் மீதிருந்து கண்ணை எடுக்காமல் பத்து மீட்டர் பின்னோக்கிச் சென்று, வரிசையில் நின்று, மறுபடி முன்னோக்கிப் பாய வேண்டும். இது ஆறு முறை. அதன்பின் எதிரணி உதைத்த பந்து தன் அணியின் கைக்கு வந்ததும், மூச்சு வாங்கும் நிலையிலேயே முதல் அல்லது இரண்டாவது ஓட்டத்தை எடுக்க வேண்டியவரும் அவரே. 2020 முதல் சில தவறுகளுக்குப் பெனால்டி தருவதற்குப் பதிலாக ஆறு டேக்கிளையும் மறுபடி தொடங்கச் சொல்லும் விதி வந்திருப்பதால், பெனால்டி உதையின்போது கிடைத்துவந்த ஓய்வும் குறைந்துவிட்டது.

ஆட்ட நேரத்தை ஒப்பிடுவோரும் இதே கவனம் கொள்ள வேண்டும். அறுபதுகளின் தொடக்கம்வரை மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே பெரும்பாலும் இல்லை. 80 நிமிடமும் ஆடுவது அன்று எல்லோர் மீதும் விழுந்த கட்டாயம். தொண்ணூறுகளில் வரம்பற்ற இன்டர்சேஞ்ச், அதாவது ஆட்டக்காரர்களை வெளியே எடுத்து மறுபடி இறக்கும் ஏற்பாடு, இருந்தது. 2001இல் ஓர் ஆட்டத்துக்கு 12 என்றும், 2008இல் 10 என்றும், 2016இல் 8 என்றும் அது சுருக்கப்பட்டது. ஆகவே 55 நிமிடம் ஆடும் இன்றைய ப்ராப்பைக் காட்டி, பழையவர் 80 நிமிடம் ஆடினாரே என்று கேட்பது பொருளற்றது. முந்தையவர் தன் ஆற்றலை 80 நிமிடத்துக்கும் பங்கிட்டுச் செலவழித்தார். பிந்தையவரை இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முழுவதையும் கொட்டிவிட்டு வெளியே வரும்படி பயிற்சியாளரே சொல்லி அனுப்புகிறார். ஹாஸ் போன்ற ஒருவர் இந்த வேகத்திலும் தன் இடத்தில் ஆடும் மற்றவர்களைவிட நெடுநேரம் களத்தில் நிற்கிறார் என்பதைத்தான் அவருடைய தனிச்சிறப்பாகக் கொள்ள வேண்டும்.

பழையவர், புதியவர் என்று இரண்டே பெட்டிகள் வைத்துக்கொள்வதும் இதனோடு சேர்ந்த பிழை. க்ளென் லாசரஸ் கான்பெராவுக்காக 1989, 1990 ஆண்டுகளிலும், பிரிஸ்பேனுக்காக 1992, 1993 ஆண்டுகளிலும், மெல்போர்னுக்காக 1999இலும் பட்டம் வென்றவர். ஐந்து மீட்டர் ஆட்டத்தில் தொடங்கிப் பத்து மீட்டர் ஆட்டத்தில் முடிந்தது அவருடைய பயணம். விதி மாறியபோதும் மதிப்புக் குறையாத ஒரு ப்ராப் எப்படி இருந்திருப்பார் என்று அறிய விரும்புவோருக்கு அவரைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஒப்பீடுகளில் அவர் பெயர் போதுமான அளவு எடுக்கப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

எண்களை அப்படியே நம்புவது

இன்று ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஓடிய மீட்டர், செய்த டேக்கிள், தவறவிட்ட டேக்கிள், கொடுத்த ஆஃப்லோடு (டேக்கிளில் சிக்கியபடியே பந்தைக் கைமாற்றுவது) எல்லாம் ஆட்டம் முடியும் முன்பே திரையில் வந்துவிடுகின்றன. பழைய ஆட்டங்களிலிருந்து நமக்கு முறையாகக் கிடைப்பவை ஆடிய ஆட்டங்களும் எடுத்த புள்ளிகளும்தான். ஒருபுறம் விரிவான கணக்கும் மறுபுறம் வெற்றிடமும் இருக்கும்போது, கணக்கில் இல்லாத வேலை நடக்கவே இல்லை என்று மனம் எண்ணிக்கொள்கிறது. முந்தைய தலைமுறை முன்கள வீரர் ரான் கூட் களத்தின் குறுக்கே ஓடி, தப்பிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தவரை மடக்கி வீழ்த்திய டேக்கிள்களை அன்று எவரும் தனியே எண்ணி வைக்கவில்லை. ஆனால் அவருடன் ஆடியோரும் எதிர்த்து ஆடியோரும் முதலில் நினைவுகூர்வது அவற்றைத்தான்.

மீட்டர் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பு வரிசை பத்து மீட்டர் தள்ளி நிற்கும்போது, மோதலுக்கு முன்பே சில மீட்டர் தரை இனாமாகக் கிடைத்துவிடுகிறது. வரிசை முன்னேறி வந்தாலும் ஐந்து மீட்டர் காலத்தைவிட அது கூடுதலே. ஓர் ஆட்டத்தில் 200 மீட்டர் ஓடியவரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகாது இது. அந்த 200இல் ஒரு பங்கு விதி கொடுத்தது என்பதே செய்தி.

எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் ட்ரையின் கணக்கும் அப்படித்தான். க்ளீப் அணியின் ஃப்ராங்க் பர்ஜ் 1920இல் யுனிவர்சிட்டி அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 8 ட்ரை எடுத்தார். முதல்தர ஆட்டத்தில் அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. ஒரு முன்கள வீரர் இதைச் செய்தார் என்பதே வியப்பு. ஆனால் யுனிவர்சிட்டி அந்த ஆண்டுதான் போட்டிக்குள் நுழைந்த மாணவர் அணி என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் வியப்பு சரியான அளவில் இருக்கும்.

இடத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என எண்ணுவது

ஹூக்கரை எடுத்துக்கொள்வோம். 2008இல் அறிவிக்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் நூற்றாண்டு அணியில் ஹூக்கராகத் தேர்வானவர் நோயல் கெல்லி. இன்றைய தலைமுறைக்கு ஹூக்கர் என்றாலே நினைவுக்கு வருபவர் 430 ஆட்டங்கள் ஆடிய கேமரன் ஸ்மித். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பவர்கள், கெல்லியின் காலத்தில் ஸ்க்ரம் உண்மையான போராட்டமாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். இரு பக்கமும் ஆறாறு பேர் தலைகளைக் கோத்து முட்டும்போது, நடுவில் தொங்கியபடி காலால் பந்தைக் கொத்தித் தன் பக்கம் இழுப்பதுதான் ஹூக்கரின் தலையாய திறமை. டேக்கிள் வரம்பு வந்த பிறகும், ஆஸ்திரேலியாவில் 1983 வரை கடைசி டேக்கிளுக்குப் பின் ஸ்க்ரம்தான் கட்டப்பட்டது. ஆகவே யார் கையில் பந்து இருக்கும் என்பதையே ஹூக்கர் பெருமளவு தீர்மானித்தார். இன்று ஸ்க்ரம் பெயரளவில் நிற்கிறது. பந்தைப் போடும் அணிக்கே அது கிடைக்கிறது. ஸ்மித்தின் மேதைமை வேறோரிடத்தில் வெளிப்பட்டது: டேக்கிளான இடத்தில் குனிந்து பந்தை எடுத்த நொடியில், ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்று ஆட்டத்தின் போக்கை முடிவுசெய்ததில். ஒருவரின் வேலையை மற்றவர் செய்யவே இல்லை எனும்போது யார் மேல் என்று கேட்பதைவிட, தத்தம் காலத்து ஹூக்கர்களைவிட எவ்வளவு முன்னே நின்றார்கள் என்று கேட்பது பயன் தரும்.

லாக் இடத்தில் இந்த வேறுபாடு ஒரே தலைமுறைக்குள்ளேயே தெரிகிறது. ஜேசன் டவுமலோலோ, லாக்கின் இன்றைய எண்ணான 13ஆம் எண் சட்டையில் மூன்றாவது ப்ராப் போல மோதி ஓடினார்; பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றபோது அதே எண்ணில் ஆடிய யோ, பந்தை இருபுறமும் கைமாற்றி ஆட்டத்தை நடத்தினார். ரேப்பரோடு யாரை ஒப்பிடுவது என்பதை இதற்குப் பின்தான் யோசிக்க வேண்டும். பழைய படங்களைப் பார்ப்போர் சட்டை எண்ணையும் நம்பக் கூடாது: எண்பதுகளில் பாராமட்டாவின் லாக் ரே ப்ரைஸ் அணிந்தது 8ஆம் எண், இன்று அது ப்ராப்பின் எண்.

உடலையும் வலியையும் அளவுகோலாக்குவது

இன்றையவர்கள் பெருத்தவர்கள், வேகமானவர்கள் என்பது உண்மை. முழுநேரச் சம்பளம், எடைப் பயிற்சி, உணவுத் திட்டம் ஆகியவை அவர்களை அப்படி ஆக்கியிருக்கின்றன. வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்த ஒருவரை, அதே உடலோடு இன்றைய களத்தில் இறக்கிப் பார்த்துத் தோற்கடிப்பது ஒப்பீடே ஆகாது. ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள ப்ரோவனுக்கு இன்றைய பயிற்சி கிடைத்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்பதையும் நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது, பழையவர்களே இரும்பால் ஆனவர்கள் என்ற வாதம். 1958 ஜூலையில் பிரிஸ்பேனில் நடந்த இரண்டாவது டெஸ்டில், பிரிட்டன் அணித் தலைவர் ஆலன் ப்ரெஸ்காட் நான்காவது நிமிடத்தில் கை முறிந்தும் இறுதிவரை ஆடினார்; பிரிட்டன் 25–18 என வென்றது. 1970 இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே தாடை உடைக்கப்பட்ட சவுத் சிட்னி தலைவர் ஜான் சாட்லர் மீதி நேரம் முழுவதும் களத்தில் நின்று, மேன்லியை 23–12 எனத் தோற்கடித்தார். இவை மறுக்க முடியாத வீரம். ஆயினும் அதே சவுத் சிட்னிக்காக 2014 இறுதிப் போட்டியின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்த சாம் பர்ஜெஸ், ஆட்டத்தை முடித்து ஆட்ட நாயகன் பதக்கமும் வென்றார். மன உறுதி எந்த ஒரு காலத்துக்கும் உரிய தனிச்சொத்து அல்ல.

தலையில் அடிபட்டவரை இன்று வெளியே அனுப்புவதையும், 2013இல் ஷோல்டர் சார்ஜ் (கைகளால் பிடிக்காமல் தோளால் மட்டும் மோதுவது) தடைசெய்யப்பட்டதையும் ஆட்டம் மென்மையாகிவிட்டதற்கு அடையாளமாகக் காட்டுவோர் இருக்கிறார்கள். கேன்டர்பரி அணியின் செகண்ட் ரோவாக எண்பதுகளில் நான்கு பட்டங்கள் வென்ற ஸ்டீவ் ஃபோக்ஸின் மூளையில், அவர் இறந்த பின் நடந்த ஆய்வில், தலையில் திரும்பத் திரும்பப் படும் அடியோடு தொடர்புடைய சிடிஇ நோய் கண்டறியப்பட்டதாக 2019இல் செய்தி வந்தது. இதை அறிந்த பின்னும், அடிவாங்கி எழுந்து நின்ற எண்ணிக்கையை மேன்மைக்கு அளவாகக் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டங்களையும் பட்டியல்களையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்வது

ப்ரோவன் ஆடியபோது சிட்னிப் போட்டியில் 10 அணிகள். இன்றைய தேசியப் போட்டியான என்ஆர்எல்லில் 17. ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கான வரம்பு 1990இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு வலுவான கிளப் தன் அணியைச் சிதறாமல் காத்துக்கொள்வது எளிதாக இருந்தது. பத்துப் பட்டங்களின் பெருமை இதனால் குறையாது. ஆனால் வரம்புக்குள் நான்கு வென்ற பென்ரித் முன்களத்தை வெறும் எண்ணிக்கையால் கீழே தள்ளவும் முடியாது.

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் தலைசிறந்தவர்களுக்குத் தரப்படும் ‘இம்மார்ட்டல்’ (அழியாப் புகழ் பெற்றவர்) என்ற உயரிய பட்டமும் அவ்வாறே. 1981இல் முதலில் தேர்வான நால்வரில் முன்கள வீரர் ரேப்பர் ஒருவரே. அடுத்து பீட்சனுக்கு 2003 வரையும், ப்ரோவனுக்கும் பர்ஜுக்கும் 2018 வரையும், கூட்டுக்கு 2024 வரையும் காத்திருப்பு நீண்டது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவர்கள் 2018க்கு முன் தேர்வு பெறவே இல்லை. இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் ஒருவர் சிறியவர் ஆகிவிட மாட்டார்.

மேலும் அது ஆஸ்திரேலியர்களுக்கான பட்டியல். 1970 வரை இரு நாடுகளுக்கும் இடையிலான ரக்பி லீக் ஆஷஸ் தொடர்களைப் பிரிட்டன் அடிக்கடி வென்றுவந்தது. அந்த வெற்றிகளைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் அதன் முன்கள வீரர்களே. அவர்களில் ஒருவரான மால்கம் ரைலி மேன்லிக்கு வந்து 1972, 1973 பட்டங்களை வென்றதால் சிட்னியில் நினைவுகூரப்படுகிறார். இங்கிலாந்திலேயே ஆடி முடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ப்ரெஸ்காட் கை முறிந்து ஆடிய அந்த பிரிஸ்பேன் டெஸ்டில், ஸ்டாண்ட்-ஆஃப் (ஆட்டத்தை வழிநடத்தும் பின்கள இடம்) வீரர் டேவ் போல்ட்டன் காயமடைந்து வெளியேறியதும், அந்த இடத்துக்கு நகர்ந்து ஆட்டத்தைத் தாங்கியவர் லாக்கான வின்ஸ் கராலியஸ். லாக் இடத்தின் தலைசிறந்தவர் யார் என்று பேசும்போது ரேப்பர், ப்ரைஸ், யோ ஆகியோரோடு அவர் பெயரையும் சேர்த்தே பேச வேண்டும்.